வெயிலா, வேளையா? பிராணிகளின் ஓய்வு பற்றிய ஒரு பாடம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

நண்பகல் ஒரு மணிக்கு நம் ஊர்த் தெருவில் இறங்கி நடந்தால் ஒரு காட்சியைக் காணலாம். காலையில் ஓடித் திரிந்த நாய்கள் திண்ணை ஓரத்திலும், நிறுத்தி வைத்த வண்டிகளின் அடியிலும் நீட்டிப் படுத்திருக்கும். காகங்கள் கரைவதை நிறுத்தி, கிளைகளின் உட்புறமாக ஒதுங்கி, அலகைத் திறந்தபடி அமர்ந்திருக்கும். கோழி மண்ணைச் சீய்த்துக் குழியாக்கி அதிலேயே இறக்கையை விரித்து உட்கார்ந்துவிடும். "இவை ஏன் இந்நேரத்தில் ஓய்வெடுக்கின்றன?" என்று யாரைக் கேட்டாலும் இரண்டு விடைகளுள் ஒன்று கிடைக்கும். "வெயில் தாங்கவில்லை, அதனால் படுத்திருக்கின்றன" என்பார் ஒருவர். "அவை படுக்கும் வேளை அதுதான்" என்பார் மற்றொருவர்.

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. முதல் விடை உண்மையானால், மழை பெய்து குளிர்ந்த நண்பகலில் நாய் படுக்கக் கூடாது. இரண்டாம் விடை உண்மையானால், மார்கழியோ சித்திரையோ, அது ஒரே மணிக்குத்தான் படுக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. வெயிலும் வேளையும் எப்போதும் சேர்ந்தே வருகின்றன. நண்பகல் என்றால் வெளிச்சமும் மிகுதி, வெப்பமும் மிகுதி. நள்ளிரவு என்றால் இருளும் உண்டு, குளிர்ச்சியும் உண்டு. சேர்ந்தே வரும் இரட்டையரில் தவறு செய்தது யார் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைக்க வேண்டும் அல்லவா? விஞ்ஞானிகள் செய்ததும் ஏறக்குறைய அதுவேதான்.

அதற்கு முன் உடல் வெப்பத்தைப் பற்றிச் சிறிது நினைவுபடுத்திக் கொள்வோம். ஓணான், பாம்பு, தவளை முதலியவை குளிர் இரத்தப் பிராணிகள் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். அவற்றின் இரத்தம் எப்போதும் குளிர்ந்திருக்கும் என்பது இதன் பொருள் அன்று. சுற்றுப்புறம் சூடானால் அவையும் சூடாகும்; சுற்றுப்புறம் குளிர்ந்தால் அவையும் குளிரும். ஆகவே ஓணானின் நாட்குறிப்பை வெயிலே எழுதுகிறது எனலாம். காலையில் வேலிக் கம்பத்தின் மீது வெயில் காய்கிறது. உடல் சூடேறிய பின்பே இரை தேடுகிறது. உச்சி வெயிலில் இலைகளுக்குள் மறைகிறது. இரவில் மெல்லிய கிளையைப் பற்றிக்கொண்டு உறங்குகிறது. பறவைகளும் பாலூட்டிகளும் அப்படியல்ல. அவை தம் உடலை ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கப் பாடுபடுகின்றன. குளிரில் நடுங்கியும், வெப்பத்தில் இளைத்தும் வியர்த்தும் அதைச் செய்கின்றன. நாய்க்குப் பாதங்களின் அடியில் தவிர உடலில் பயனுள்ள வியர்வை இல்லை. எனவேதான் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கிறது. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகளே இல்லை. எனவேதான் காகம் அலகைத் திறந்து வைத்துக் கொள்கிறது.

உறங்கும்போது இந்தப் பாடு என்னவாகிறது? இதுதான் எங்களுக்கு மிகவும் வியப்பளித்த செய்தி. பாலூட்டிகளின் உறக்கத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று அமைதியான ஆழ்ந்த உறக்கம். மற்றொன்று மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசையும் உறக்கம். நாம் பெரும்பாலும் கனவு காண்பது இதில்தான். இத்தாலியில் பொலோனியா நகரில் பார்மெஜியானி என்ற விஞ்ஞானி பூனைகளைக் கொண்டு பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இந்தக் கனவு உறக்கத்தின்போது உடல் தன் வெப்பத்தைக் காக்கும் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது என்று அவர் ஆய்வுகள் காட்டின. குளிர்ந்தால் நடுக்கம் வருவதில்லை. சூடானால் இளைப்பு வருவதில்லை. காவல்காரன் சிறிது நேரம் வாசலை விட்டு எழுந்து போவதைப் போன்றது இது. வெளியே மிகுந்த குளிரோ மிகுந்த வெப்பமோ இருந்தால் அவன் எழுந்து போகத் துணிவதில்லை. அதாவது, பிராணி கண்ணை மூடிப் படுத்திருந்தாலும் அதன் கனவு உறக்கம் குறைந்துவிடுகிறது. படுத்திருப்பது வேறு, ஓய்வு பெறுவது வேறு என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது தேவைப்படும்.

பிராணிகள் இதை அறிந்தே இடம் தேடுகின்றன போலும். இந்த ஆண்டு ஜனவரி முதல் ஏப்ரல் வரை எங்கள் வகுப்பில் நால்வர் சேர்ந்து, மதிய இடைவேளையிலும் காலை மணி அடிக்குமுன்னும், பள்ளி வளாகத்துப் பிராணிகள் எங்கே எப்படிப் படுக்கின்றன என்று ஒரு நோட்டில் குறித்து வந்தோம். ஆய்வுக்கூடத்துச் சுவரில் இருந்த தெர்மாமீட்டரை சிஸ்டர் எங்களுக்கு எடுத்துத் தந்தார்கள். ஜனவரி மாதக் காலைகளில் விடுதிச் சமையலறைக்குப் பின்னால் சாம்பல் கொட்டும் இடத்தில் நாய் படுத்திருந்தது. உடலை வளையமாகச் சுருட்டி, மூக்கை வாலுக்கடியில் புதைத்திருந்தது. ஏப்ரலில் அதே நாய் குழாயடியில் ஈரமண்ணைத் தோண்டி, நான்கு கால்களையும் விரித்து, வயிற்றை மண்ணோடு ஒட்டவைத்துக் கிடந்தது. கெபியின் முன்னாலுள்ள சிமெண்டுத் தரையின் நிழல் பகுதியில் அணில் ஒன்று அட்டைபோல் தட்டையாகப் படுத்திருந்ததைப் பார்த்து, செத்துவிட்டது என்று ஆறாம் வகுப்புச் சிறுமிகள் ஓடி வந்து சொன்னார்கள். அது செத்துப் போகவில்லை. வயிற்றின் வெப்பத்தைக் குளிர்ந்த தரைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இதன் காரணம் எளிது. உடலைச் சுருட்டினால் காற்றில் படும் பரப்பு குறைகிறது. வெப்பம் உள்ளேயே தங்குகிறது. நீட்டினால் பரப்பு கூடுகிறது, வெப்பம் வெளியேறுகிறது. நாயோ பூனையோ எவ்வளவு சுருண்டு கிடக்கிறது என்று பார்த்தே அன்றைய குளிரை ஓரளவு சொல்லிவிடலாம்; தெர்மாமீட்டர் வேண்டியதில்லை.

ஆனால் எங்கள் நோட்டு ஒரு கேள்விக்கு விடை தரவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் பகல் முழுதும் மேகம் மூடி, காற்றுக் குளிர்ந்து வீசியது. அன்றும் மதியம் அணில்களின் நடமாட்டம் குறைவாகவே இருந்தது. வெயில் இல்லாதபோதும் அவை ஏன் ஒதுங்கின? இங்கேதான் வேளை என்ற இரண்டாவது இரட்டையர் வருகிறார்.

உயிர்களின் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்ற கருத்து புதியதன்று. 1729-ல் டி மைரான் என்ற பிரெஞ்சு அறிஞர், வெளிச்சத்தில் இலை விரித்து இருளில் மூடும் ஒரு செடியை இருட்டறையில் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாமலேயே அது பகலில் இலையை விரித்தது, இரவில் மூடியது. பிராணிகளிடமும் இதே கடிகாரம் உண்டு என்பதற்கு நம் மதுரையிலேயே அழகான சான்று இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சந்திரசேகரன், மாரிமுத்து முதலியோர் மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளின் குகைகளில் வாழும் இலைமூக்கு வௌவால்களை ஆராய்ந்தார்கள். ஆழமான குகையில் பகலும் இல்லை, இரவும் இல்லை. வெப்பநிலையும் அதிகம் மாறுவதில்லை. வெயிலையும் வெளிச்சத்தையும் ஒருசேர நீக்கிய அறை அது. ஆயினும் மாலையானதும் வௌவால்கள் விழித்துக் கிளம்புகின்றன.

எப்படித் தெரிகிறது? 1981-ல் வெளியான அவர்கள் ஆய்வு ஒரு நுட்பமான விடை தந்தது. மற்ற வௌவால்கள் சுதந்திரமாகப் பறந்து போய் வரும் குகைக்குள் கூண்டில் வைக்கப்பட்ட வௌவால், வெளிச்சமே காணாவிட்டாலும், தன் இனத்தாரோடு ஒத்தே விழித்தது, ஒத்தே ஓய்ந்தது. வௌவால்களே இல்லாத குகையில் தனியே வைக்கப்பட்டதற்கும் ஓய்வும் விழிப்பும் மாறி மாறி வந்தன. ஆனால் அந்தச் சுற்று சரியாக 24 மணி அல்ல. ஆகவே நாள்தோறும் சிறிது சிறிதாக அது வெளியுலகின் நேரத்திலிருந்து விலகிப் போயிற்று. கடிகாரம் உள்ளே ஓடுகிறது. அதைத் தினமும் திருத்தி வைக்க மட்டும் வெளியிலிருந்து ஒரு கை வேண்டும். பெரும்பாலான பிராணிகளுக்கு அந்தக் கை சூரியன். குகை வௌவாலுக்குக் கூட்டத்தாரே போதும். விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியர் இதைப் படித்துவிட்டு, மணி அடிக்காமலே ஒருத்தி எழுந்தால் எல்லோரும் எழுந்துவிடுவதாகக் கூறினார்கள். ஒப்பீடு சரிதான்.

இப்போது ஒரு சந்தேகம் எழலாம். வேதிவினைகள் வெப்பத்தில் விரைவாக நடக்கும் என்று வேதியியல் வகுப்பில் படித்தோம். பத்து டிகிரி கூடினால் பல வினைகள் இரண்டு, மூன்று மடங்கு விரைவாகின்றன. உடலின் கடிகாரமும் வேதிவினைகளால் ஆனதுதானே? அப்படியானால் கோடையில் அது வேகமாக ஓடி, ஓணானுக்கும் ஈக்கும் நாள் சுருங்கிவிட வேண்டுமே! 1954-ல் பிட்டென்ட்ரை என்ற உயிரியலார் பழ ஈக்களைக் கொண்டு இதைச் சோதித்தார். வெப்பநிலை மாறியபோதும் அவற்றின் கடிகாரச் சுற்று ஏறக்குறைய மாறவில்லை. வெப்பத்தால் ஏமாறாத கடிகாரம்!

அப்படியானால் வெப்பத்திற்கு அதில் வேலையே இல்லையா? உண்டு. பழ ஈ என்பது வாழைப்பழத் தட்டைச் சுற்றி மொய்க்கும் சின்னஞ்சிறு ஈதான். அதுவும் நம்மைப்போலக் காலையிலும் மாலையிலும் சுறுசுறுப்பாக இருந்து, நடுப்பகலில் உறங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் வெளிச்சத்தின் நேரத்தை மாற்றாமல் வெப்பத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். 29 டிகிரியில் பகல் உறக்கம் நீண்டது; மாலைச் சுறுசுறுப்பு தாமதமாகி இருட்டில் போய் விழுந்தது. 18 டிகிரியில் பகல் உறக்கம் சுருங்கியது. மாலைச் சுறுசுறுப்பு வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கியது. இதன் உள்வேலையை அமெரிக்காவில் எடெரி என்பவரின் குழு 1999-ல் வெளியிட்டது. கடிகாரத்தை நடத்தும் மரபணுக்களில் ஒன்றின் பெயர் 'பீரியட்'. அந்த மரபணுவிலிருந்து எழுதப்படும் பிரதியில் ஒரு சிறு துண்டை வெட்டி நீக்கவேண்டும். குளிரில் அந்த வெட்டு எளிதாக நடக்கிறது. ஆகவே அதற்குரிய புரதம் நாளில் முன்னதாகவே சேர்ந்து, மாலை வேலையும் முன்னதாகத் தொடங்குகிறது. வெப்பத்தில் வெட்டு தாமதம், மாலையும் தாமதம். கடிகாரத்தின் வேகம் மாறவில்லை. எந்த மணிக்கு எந்த வேலை என்ற அட்டவணை மட்டும் நகர்கிறது. பள்ளிக்கூடத்தில் மணி அதே மணிதான்; தேர்வுக் காலத்தில் பாடவேளை மாறுவது போல.

இன்னும் ஒரு செய்தி. பழ ஈயின் நெருங்கிய உறவான யாகுபா என்ற ஆப்பிரிக்க ஈயில் இந்த வெட்டு வெப்பத்தைப் பொருட்படுத்துவதில்லை என்று அதே குழு 2008-ல் கண்டது. ஆண்டு முழுவதும் வெப்பம் அதிகம் மாறாத பூமத்தியரேகைப் பகுதியில் வாழும் ஈக்குக் குளிர்காலப் பாடவேளை எதற்கு?

(இந்தக் கடிகார மரபணுக்களைக் கண்டு விளக்கியதற்காகவே ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பழத்தட்டு ஈயால் நோபல் பரிசு வாங்கலாம் என்று வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.)

ஈ சிறியது, ஆய்வுக்கூடமும் செயற்கையானது. பாலைவனத்தில் வாழும் ஒரு பெரிய பிராணி என்ன செய்கிறது என்று பார்ப்போம். அரேபிய ஓரிக்ஸ் என்பது வெண்ணிற உடலும் நீண்ட நேரான கொம்புகளும் கொண்ட மான் போன்ற விலங்கு. வேட்டையால் 1972-ல் காட்டில் இது முற்றிலும் அழிந்தது. விலங்குக் காட்சிச் சாலைகளில் எஞ்சியவற்றைப் பெருக்கி, 1982-ல் ஓமனிலும் 1990-ல் சவூதி அரேபியாவிலும் மீண்டும் விட்டார்கள். அப்படிச் சவூதியில் விடப்பட்டவற்றின் வழிவந்த சில விலங்குகளுக்குச் சிறு கருவிகளைப் பொருத்தி அவற்றின் உறக்கத்தை ஆராய்ந்து 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். குளிர்காலத்தில் ஓரிக்ஸ் பெரும்பாலும் இரவில் உறங்கியது. நாளொன்றுக்கு ஆறே முக்கால் மணி நேரம் அளவுக்கு. கோடையில் உறக்கம் நான்கு மணி நேரத்துக்கும் குறைந்துவிட்டது. அதுவும் இரவில் பாதி, பகலில் பாதி. பகல் பாதி, வெப்பம் உச்சத்தில் இருக்கும் மணிகளில் நிழலில் கழிந்தது. இரவின் குளிர்ச்சியை மேய்ச்சலுக்குச் செலவிட வேண்டியிருப்பதால் உறக்கத்தை உடைத்துப் பகலுக்குத் தள்ளுகிறது.

ஒரே விலங்கு, ஒரே இடம். மாறியது பருவம் மட்டும். வேளை சொன்னபடி இரவில் உறங்கிய பிராணி, வெயில் வந்து சொன்னதும் அட்டவணையை மாற்றிக்கொண்டது. ஆனால் விலை கொடுக்காமல் அல்ல. ஏறக்குறைய மூன்று மணி நேர உறக்கத்தை அது நாள்தோறும் இழக்கிறது.

யானையின் செய்தி இதைவிட விசித்திரமானது. போட்ஸ்வானா நாட்டுச் சோபே தேசியப் பூங்காவில் இரண்டு பெண் யானைகளின் துதிக்கையில் அசைவை அளக்கும் கருவியை வைத்து 35 நாட்கள் கவனித்து, 2017-ல் வெளியிட்டார்கள். அவை சராசரியாக நாளுக்கு இரண்டு மணி நேரமே உறங்கின; பெரும்பாலும் நின்றபடியே. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறைதான் படுத்துறங்கின. அவை எப்போது உறங்கத் தொடங்கின, எப்போது விழித்தன என்பது சூரிய உதயத்தையோ மறைவையோ பின்பற்றவில்லை. காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் பின்பற்றியது. அவ்வளவு பெரிய உடலில் தேங்கும் வெப்பம் வெளியேறுவது கடினம் என்பதை நினைத்தால் இது பொருத்தமாகவே படுகிறது. மனிதரும் இதற்கு முற்றிலும் விலக்கல்ல. டான்சானியா, நமீபியா, பொலிவியா நாடுகளில் மின்விளக்கு இல்லாமல் வாழும் மூன்று மக்கள் கூட்டங்களின் உறக்கத்தை ஆராய்ந்தவர்கள் 2015-ல் எழுதியது இது: அவர்கள் இருட்டியதும் உறங்குவதில்லை, சூரியன் மறைந்து சுமார் மூன்று மணி நேரம் கழித்து, காற்றுக் குளிர்ந்துகொண்டே போகும் பொழுதில் உறங்குகிறார்கள். குளிர்ச்சி மிகுந்த விடியற்காலையை ஒட்டி விழிக்கிறார்கள்.

நீண்ட உறக்கங்களையும் இங்கே ஒரு வரி சொல்ல வேண்டும். குளிர்நாட்டுத் தரையணில் மாதக்கணக்கில் உறங்குவதும், கோடையில் நம் குளத்து நத்தை சேற்றுக்குள் இறங்கி மூடியை மூடிக்கொண்டு மழைக்குக் காத்திருப்பதும் பாடப்புத்தகத்திலேயே உள்ளன. புத்தகத்தில் இல்லாதது மடகாஸ்கர் தீவின் சிறு லெமூர். வெப்பநாட்டிலேயே மரப்பொந்தில் ஏழு மாதம் வரை உறங்குகிறது என்று 2004-ல் தெரிய வந்தது. பொந்து சூடானால் அதன் உடலும் 30 டிகிரிக்கு மேல் ஏறுகிறது, பொந்து குளிர்ந்தால் உடலும் இறங்குகிறது. அந்த மாதங்களில் அது பாலூட்டியா ஓணானா என்றே ஐயம் வரும்!

இவையெல்லாம் சமாளிக்கும் கதைகள். வெயில் ஒரு பக்கம் இழுக்க, வேளை மறுபக்கம் இழுக்க, பிராணி நடுவில் ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. வழி இல்லாமற்போனால்?

பழந்தின்னி வௌவால்கள் பகல் முழுதும் மரத்தில் தலைகீழாகத் தொங்கி ஓய்வெடுப்பவை. குகையில் அல்ல, வெட்டவெளி மரத்தில். நம் நாட்டில் ஆலமரத்திலும் புளியமரத்திலும் காணலாம். தமிழ்நாட்டில் சில ஊர்களில் இவற்றின் ஓய்வு கெடக் கூடாதென்றே தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வெயில் ஏற ஏற அவை முதலில் இறக்கையால் விசிறிக் கொள்கின்றன, பின் நிழலுக்கு நகர்கின்றன, பின் இளைக்கின்றன, கடைசியாக எச்சிலை உடலில் பூசிக்கொள்கின்றன. அதற்கு மேல் அவற்றிடம் வழியில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 12-1-2002 அன்று வெப்பம் 42 டிகிரியைத் தாண்டியது. ஒன்பது கூட்டங்களில் 3,500-க்கும் மேற்பட்ட பழந்தின்னி வௌவால்கள் ஒரே நாளில் இறந்தன. இளங்குட்டிகளும் தாய்களும் அதிகமாக. 2018 நவம்பரில் அதே நாட்டின் கெயின்ஸ் நகர்ப் பகுதியில் மற்றோர் இனத்தில் சுமார் 23,000 இறந்தன. பறந்து வேறிடம் போயிருக்கலாமே என்று நாங்களும் கேட்டோம். பறப்பது உடலை மேலும் சூடாக்கும் வேலை. அவற்றின் கடிகாரமோ அது ஓய்வு வேளை என்கிறது. அவை ஓய்வெடுத்தபடியே இறந்தன.

ஆப்பிரிக்கக் காட்டு நாய்களுக்கு வேறுவிதமான இழப்பு. விடியலிலும் அந்தியிலும் வேட்டையாடி, பகல் வெப்பத்தில் ஓய்வெடுப்பது அவற்றின் வழக்கம். வெப்பம் மிகுந்த நாட்களில் ஓய்வு நீள்கிறது, வேட்டை குறைகிறது. கென்யா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளின் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் எழுதிய ஆய்வாளர்கள், குட்டிகள் வளையில் இருக்கும் காலத்தில் வெப்பம் கூடினால் பிழைக்கும் குட்டிகள் குறைவதாகக் கண்டார்கள். வௌவாலுக்கு ஓய்வு போதவில்லை. காட்டு நாய்க்கு ஓய்வே அதிகமாகிவிட்டது.

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் தொழுவத்துப் பசுவையே பார்க்கலாம். நலமான கறவை மாடு நாளில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் படுத்திருக்கும். படுத்தபடி அசை போடும். அப்போது மடிக்குச் செல்லும் இரத்தம் கூடுகிறது, குளம்புகளுக்கும் ஓய்வு கிடைக்கிறது. வெப்பம் கூடினால் மாடு அதிகமாகப் படுக்கும் என்றுதான் நாமெல்லாரும் நினைப்போம். உண்மை நேர்மாறு. சூடேறிய மாடு எழுந்து நிற்கிறது. படுத்தால் உடலின் ஒரு பக்கம் தரையோடு ஒட்டிக் காற்றுப் படாமற்போகிறது. நின்றால் நாலா பக்கமும் காற்றுப் படுகிறது. அமெரிக்கப் பண்ணைகளில் செய்து 2015-ல் வெளியான ஆய்வின்படி, மாட்டின் உடல் வெப்பம் 38.9 டிகிரி அளவைத் தொட்டதும் அது படுத்திருப்பதைவிட நிற்பதையே நாடத் தொடங்குகிறது. இயல்பான அளவைவிட இது அரை டிகிரி கூட அதிகமில்லை! எருமைக்குக் கருந்தோல், வியர்வைச் சுரப்பியும் குறைவு. எனவே அது குட்டையைத் தேடுகிறது. நம் நாட்டு மாடுகள் வெயிலை நன்றாகவே தாங்குகின்றன. கலப்பினப் பசுக்களே அதிகம் துன்பப்படுகின்றன.

எங்கள் நால்வருள் ஒருத்தியின் வீட்டில் அப்படி ஒரு கலப்பினப் பசு உண்டு. தொழுவத்துக்குத் தகரக் கூரை. பங்குனி, சித்திரை மதியங்களில் அது நின்றுகொண்டே இருக்கும். "பாட்டி, இது படுக்கவே மாட்டேங்குதே, ஏன்?" என்று கேட்டதற்கு, "நிக்கட்டும்டி, தெம்பா இருக்கு, அதான் நிக்குது" என்றாராம் பாட்டி. மேலே சொன்ன செய்தியை எங்கள் நோட்டிலிருந்து அவள் வீட்டில் வாசித்துக் காட்டினாள். பாட்டி உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. "நாப்பது வருசமா மாடு வச்சிருக்கேன், எனக்கே பாடமா?" என்று சிரித்தார். ஆனால் அவள் அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமையே தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்து, மேற்குப் பக்கம் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார். தண்ணீர்த் தொட்டியையும் நிழலுக்கு நகர்த்தினார்.

அடுத்த சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நாங்கள் நால்வரும் நோட்டும் தெர்மாமீட்டருமாக அங்கே போனோம். வாசலிலேயே பாட்டி எங்களைத் தடுத்து, உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். எட்டிப் பார்த்தோம். பசு முன்னங்கால்களை மடக்கிப் படுத்து, கண்ணைப் பாதி மூடி, அசை போட்டுக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரை மாட்ட உள்ளே போனால் எழுந்துவிடுமே என்று வெளியிலிருந்தே நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பினோம்.